ஜப்பானுக்குக் கிளம்பும் முன் உங்கள் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்

கவி என்ற பெயர் ஜப்பானியர் காதில் 'கபி' என்று விழும். கபி என்றால் பூசணம். மழைக்காலத்தில் குளியலறை மூலையில் கறுப்பாகப் படியுமே, அதுதான். கூட ஒரு 'ன்' சேர்ந்து கவின் ஆனால் அது 'கபின்' என்று கேட்கும். கபின் என்றால் பூச்சாடி. உமா என்றால் குதிரை. கனி என்றால் நண்டு. நந்தா தன் பெயரைச் சொன்னால், 'என்னது இது?' என்று அவரே கேட்டது போல இருக்கும், ஏனென்றால் 'நந்தா' என்பது அங்கே தினசரிப் பேச்சில் வரும் கேள்வி.

படிக்கவோ வேலைக்கோ ஜப்பான் போகிறவர்கள் விசா, வீடு, குளிர் என்று ஆயிரம் விஷயம் விசாரிக்கிறார்கள். பெயரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே உங்கள் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதச் சொல்லி யாராவது ஒரு படிவத்தை நீட்டுவார்கள். அப்போது அவசரத்தில் எழுதியதுதான் பேங்க், போன், ஆஸ்பத்திரி அட்டை என்று எல்லா இடத்துக்கும் போகும். பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆகவே அந்த வேலையை ஊரிலேயே, நிதானமாக, காது கொடுத்துக் கேட்டு முடித்துவிட்டுப் போங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. அது இரண்டாம் படியில்.

ஒரு சின்னக் குறிப்பு: கீழே ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். 'கபி', 'கபின்' இரண்டிலும் வரும் ப, 'பஸ்' என்று சொல்லும்போது வரும் ப. மற்ற இடங்களில் தேவைப்பட்டால் அங்கங்கே சொல்கிறேன்.

முதல் படி: பெயரைக் கதகானாவில் எழுதுங்கள்

ஜப்பானியத்தில் வெளிநாட்டுப் பெயர்களுக்கும் சொற்களுக்கும் கதகானா என்ற எழுத்து வரிசையைப் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலும் ஒரு மெய்யும் ஒரு உயிரும் சேர்ந்தது ஓர் எழுத்து. நம் உயிர்மெய் மாதிரியே. தனியாக நிற்கும் மெய் என்றால் 'ன்' மட்டும்தான். அதனால் முருகன், கவின் போன்ற பெயர்களுக்குக் கடைசியில் சிக்கல் இல்லை. கார்த்திக் போன்றவை 'கார்த்திகு' ஆகும். நடுவில் நிற்கும் மெய்களுக்கும் ஓர் 'உ' ஒட்டிக்கொள்ளும், ஆகவே வாய்விட்டுப் படிக்கும்போது 'காருதிகு' என்று வரும்.

'ல' ஒலி அவர்களிடம் இல்லை, 'ர' ஆகிவிடும். 'வ'வைப் பல்லும் உதடும் சேர்த்துச் சொல்லும் வழக்கமும் இல்லை. அதற்கென்று கதகானாவில் ஒரு தனி எழுத்து இருக்கிறது, ஆனால் எழுதினாலும் வாயில் வருவது பஸ்ஸின் 'ப'தான். 2019ல் ஜப்பான் அரசே வெளிநாடுகளின் அதிகாரப்பூர்வப் பெயர்களில் இருந்து அந்த எழுத்தை எடுத்துவிட்டது. ரவி 'ரபி' ஆவதும் தேவி 'தெபி' ஆவதும் இதனால்தான்.

இதெல்லாம் தவிர்க்க முடியாதவை. தவிர்க்கக்கூடிய தொல்லை பாஸ்போர்ட்டில் இருக்கிறது. நம் பெயரில் வரும் 'த'வை ஆங்கிலத்தில் டி, ஹெச் என்று இரண்டு எழுத்தால் எழுதுகிறோம். ஜப்பானியர்கள் அந்த இரண்டு எழுத்தையும் ஆங்கிலப் பாடத்தில் படித்த மாதிரி 'ஸ' என்று வாசிப்பார்கள். கவிதா 'கபிஸா' ஆவார், செந்தில் 'ஸென்ஷிரு' ஆவார். 'ழ'வுக்கும் அதே கதி. இஸட், ஹெச் என்று எழுதிய எழிலை 'எஜிரு' என்று படிப்பார்கள். கயல்விழி 'கயருபிஜி' ஆகிவிடுவார். கவுண்டரில் இருப்பவர் மேல் தப்பே இல்லை, அவர் தாளில் இருப்பதைப் படிக்கிறார். எழுதும் வேலையை அவரிடம் விட்டால் இதுதான் நடக்கும். 'த' வரும் இடத்தில் 'த' வரிசை எழுத்தையும், 'ழ' வரும் இடத்தில் 'ர' வரிசை எழுத்தையும் நீங்களே போடுங்கள். 'எரிரு' என்பது எழிலுக்கு 'எஜிரு'வைவிட எவ்வளவோ பக்கம்.

இரண்டாம் படி: நெடிலைக் காப்பாற்றுங்கள்

பெயரின் பொருள் இங்கேதான் தீர்மானமாகிறது. ஜப்பானியத்திலும் குறில், நெடில் உண்டு. நெடில் வந்தால் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கோடு போனால் சொல்லே மாறிவிடும். 'ஒபசான்' அத்தை, 'ஒபாசான்' என்று ஒரு மாத்திரை கூடினால் பாட்டி. 'பிரு' அடுக்குமாடிக் கட்டடம், 'பீரு' குடிக்கிற பீர். ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க மாதக்கணக்கில் திணறுவார்கள். கல், கால் என்று சின்ன வயதிலேயே பிரித்துப் பேசிய நமக்கு அது காதில் உடனே பிடிபடும்.

ஜப்பானில் இதற்குப் பேஸ்பால் ரசிகர்கள் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. ராண்டி பாஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1983ல் ஹான்ஷின் டைகர்ஸ் அணியில் சேர்ந்தார். அவருடைய குடும்பப் பெயரைச் சாதாரணமாகக் கதகானாவில் எழுதினால் 'பஸு' வரும். பஸு என்றால் பஸ். அணியை வைத்திருக்கும் ஹான்ஷின் நிறுவனமோ பஸ்களும் ஓட்டுகிறது. அவர் சரியாக ஆடாத நாளில் 'ஹான்ஷின் பஸ் நின்றுபோனது' என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டால் என்ன ஆவது? அதனால் ஒரு நெடில் கோடு சேர்த்து 'பாஸு' என்று பதிந்தார்கள் என்று சொல்வார்கள். அவர் 1985, 1986 இரண்டு ஆண்டிலும் பேட்டிங்கின் மூன்று பெரிய பட்டங்களையும் சேர்த்து வாங்கினார். இன்றுவரை ஜப்பானில் அவர் 'பாஸு'தான்.

நம் பெயர்களுக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்தில் நெடில் தெரியாது. மாலா என்ற பெயரை அதை வைத்துப் படிப்பவர் 'மரா' என்று எழுதிவிடலாம். மரா என்பது ஆண்குறியைக் குறிக்கும் கொச்சைச் சொல். புத்தரின் தவத்தைக் கெடுக்க வந்த மாரனின் பெயர்தான் புத்த பிக்குகளின் பேச்சு வழியே அந்தப் பொருளுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு நெடிலையும் விடாமல் 'மாரா' என்று கோடு போட்டு எழுதினால் அது இசையமைப்பாளர் குஸ்தாவ் மாஹ்லரின் பெயரை ஜப்பானியர் எழுதும் விதம். இசை கேட்பவர்கள் முகம் மலரும். இரண்டு கோடுதான் வித்தியாசம்.

ஹேமாவின் முதல் நெடில் போனால் 'ஹெமா', சொதப்பல் என்று பொருள். சூரியின் நெடில் போனால் 'ஸுரி', ஜேப்படித் திருடன். நிலாவின் கடைசி நெடில் போனால் 'நிரா', பூண்டு வாசனை அடிக்கும் ஒரு கீரைத்தண்டு. ஈரலோடு வதக்கிச் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளில் போடுவார்கள். கீதாவின் முதல் நெடில் போனால் கிடார். இதில் கிடாரையும் கீரையையும் நான் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். ஹேமா, சூரி, மாலா மூவரும் மட்டும் கோடு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்.

நெடிலை விட்டால் நன்மை வரும் பெயரும் இருக்கிறது. மோகன் என்பதில் 'க'வை 'ஹ'வாகச் சொல்லி, நெடிலைக் குறுக்கி 'மொஹன்' என்று எழுதினால், பிறர் பின்பற்றத்தக்க முன்மாதிரி என்று பொருள். 'மொஹன்' மாணவன் என்றால் எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய மாணவன். மோகன்கள் மட்டும் விரும்பினால் இங்கே குறிலை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: முழுப் பெயரையும் தேடுங்கள், முதல் இரண்டு எழுத்தையும் தேடுங்கள்

ஜிஷோ என்ற இலவச இணைய அகராதியில் ஆங்கில எழுத்தில் தட்டினாலே ஜப்பானியச் சொல் வந்துவிடும். முழுப் பெயரைத் தேடுங்கள். அப்புறம் முதல் இரண்டு ஒலியை மட்டும் தேடுங்கள். ஏனென்றால் ஜப்பானியர்களுக்கு எதையும் வெட்டிச் சுருக்கும் பழக்கம் ஊறிப்போனது. ஸ்மார்ட்போன் 'ஸுமஹொ' ஆனது, பெர்சனல் கம்ப்யூட்டர் 'பஸொகொன்' ஆனது, நடிகர் பிராட் பிட் 'புரபி' ஆனார். நீங்கள் ஹேமலதா என்று எழுதிக் கொடுத்தாலும் நட்பாகிவிட்டால் முன்பாதியோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். செல்லப் பெயர் எங்கே வெட்டப்படும் என்று முன்னாடியே தெரிந்திருப்பது நல்லது.

தேடினால் என்னென்ன கிடைக்கும் என்பதற்குச் சில: ஹரி ஊசி. கிரி, அதாவது மலை என்ற பொருளில் நாம் வைக்கும் பெயர், சமூகத்தில் ஒருவர் மற்றவருக்குப் பட்டிருக்கும் கடமையைக் குறிக்கும் சொல்; ஜப்பானியர் மிகவும் மதிக்கும் ஒன்று. குமாரின் முதல் இரண்டு எழுத்து கரடி. சிவா 'ஷிபா' ஆகும், புல்தரை. ஷிபா நாயை நினைப்பவர்களும் உண்டு. மீனாவைக் குறுக்கினால் 'மினா', எல்லாரும் என்று பொருள். வேலு 'பெரு' ஆனால் மணி, அடிக்கிற மணி. ராஜாவின் முதல் நெடிலை விட்டுவிட்டால், ஒயர்லெஸ்ஸில் 'சரி, புரிந்தது' என்பதற்குச் சொல்லும் சொல். குரு என்றால் கூட்டுக் களவாணி என்ற பொருள் உண்டு, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு என்றால் நாசம் செய்வது. கண்ணன் என்றால் பெருந்துன்பம், ஆனால் அது புத்தகச் சொல், அன்றாடம் காதில் விழாது. சுகி என்று பெயர் உள்ளவருக்குக் கவலையே இல்லை. 'பிடித்திருக்கிறது' என்பதற்கு அதுதான் சொல்.

அகராதி காட்டாத ஒன்று ஏற்ற இறக்கம். 'ஹனா' என்பது பூவும்தான், மூக்கும்தான். அடுத்து வரும் எழுத்தில் குரல் இறங்குகிறதா இல்லையா என்பதை வைத்து டோக்கியோக்காரர்கள் பிரிப்பார்கள். ஆகவே கடைசியில் ஒரு ஜப்பானியரிடம் பெயரைச் சொல்லி, 'கேட்டதும் முதலில் என்ன தோன்றுகிறது?' என்று கேட்டுவிடுங்கள். மொழி கற்றுத் தரும் ஆசிரியர் இதற்குச் சரியான ஆள்.

தேடியதில் விகாரமாக ஏதாவது கிடைத்தால் பெயரையே மாற்றிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் ஒரு கோடு, ஓர் இரட்டிப்பு, இல்லாவிட்டால் பெயரின் இன்னொரு பாதி, இவற்றில் ஒன்று போதும். கவி என்பவர் கவிதா என்று முழுசாகச் சொல்லிக்கொண்டால் பூசணம் போய்விடும்.

நான்காம் படி: எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

தமிழர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். வெளியிடத்தில் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயர்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முருகேசன் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருந்தால், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து 'முருகேசன் சான்' என்றுதான் அழைப்பார். கார்த்திக் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பெண்களுக்கு இது இன்னும் சங்கடம்: அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ வருடக்கணக்கில் அழைக்கப்படுவார்கள்.

குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் வேறு பிரச்சினை. ஜப்பானிய இணையப் படிவங்கள் இரண்டு கட்டத்தையும் கேட்கும், ஒன்றைக் காலியாக விட்டால் பெரும்பாலும் மேலே நகராது. சொந்தப் பெயரை எப்படி இரண்டாகப் பிரிப்பது என்பதை ஒருமுறை முடிவு செய்து, எல்லாப் படிவத்திலும் அதையே போடுங்கள். அலுவலகத்திலும் வகுப்பிலும் முதல் நாளே 'கார்த்திக் என்று கூப்பிடுங்கள்' என்று சொல்லிவிடலாம். அது மரியாதைக் குறைவு இல்லை, வெளிநாட்டவர் சொன்னால் இயல்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பொருள் பார்க்கும்போது முன்னால் நிற்கும் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். அதிகம் கூப்பிடப்படப் போவது அதுதான்.

ஐந்தாம் படி: கவுண்டர், பேங்க், முத்திரை

பெரிய விமான நிலையங்களில் இறங்கியதுமே வசிப்பு அட்டை தருவார்கள். அதில் பாஸ்போர்ட்டில் இருப்பது போல ஆங்கில எழுத்தில்தான் பெயர் இருக்கும். வீடு அமைந்து 14 நாளுக்குள் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். கதகானா கேட்கப்படும் முதல் முக்கியமான இடம் இது. தயாராக எழுதிய சீட்டைப் பையில் வைத்திருந்து நீட்டுங்கள்.

அடுத்தது பேங்க். ஜப்பானில் பணம் அனுப்பும் முறை கணக்குப் பெயரின் கதகானாவை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு கோடு விட்டுப்போனாலோ, பெயர்களின் வரிசை மாறினாலோ சம்பளம் திரும்பிப் போய்விடலாம். பேங்க் புத்தகத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, கம்பெனிக்கும் போன் கடைக்கும் அதையே கொடுங்கள். அழகான எழுத்து எது என்ற ஆராய்ச்சியெல்லாம் பேங்குக்குப் போகும் முன் முடிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஹன்கோ, பெயர் முத்திரை. எல்லாருக்கும் தேவைப்படாது. கார் வாங்கவோ வீடு வாங்கவோ போனால் நகராட்சியில் பதிவு செய்த முத்திரை கேட்பார்கள். முத்திரையின் பதிவு 8 மில்லிமீட்டர் சதுரத்தைவிடப் பெரிதாகவும் 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். ரப்பர் முத்திரை செல்லாது. கதகானாவில் செதுக்கலாம், ஆனால் அந்தக் கதகானா உங்கள் குடியிருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இதைத் தெரியாமல் முதலில் செதுக்கிவிட்டுப் பிறகு பதிவேட்டில் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்தால் காசு வீண். சீன எழுத்தில் செதுக்கியதைப் பதிய வேண்டுமென்றால், அந்தப் பெயரால் நீங்கள் உண்மையிலேயே அறியப்படுகிறீர்கள் என்று ஆதாரம் காட்டி மாற்றுப் பெயராக முதலில் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் லேசில் மாற்ற விடமாட்டார்கள்.

ஆறாம் படி: கான்ஜியில் எழுத ஆசைப்பட்டால்

கான்ஜி என்பது ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒலியும் உண்டு, பொருளும் உண்டு. பொருளைக் கண்டுகொள்ளாமல் ஒலிக்காக மட்டும் எழுத்துகளை அடுக்குவதை 'அதேஜி' என்பார்கள். சுஷி என்ற சொல்லையே பல கடைப் பலகைகளில் 'நீண்ட ஆயுள்', 'நிர்வகிப்பது' என்ற இரண்டு எழுத்தால்தான் எழுதியிருக்கிறார்கள், மீனுக்கும் சோற்றுக்கும் அதில் இடமே இல்லை.

தற்செயலாக வந்த பொருளில் இருந்து, நீங்களே தேர்ந்தெடுக்கும் பொருளுக்கு நகர்வது இந்தப் படி. இதற்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். 1890ல் ஜப்பான் வந்து மட்சுயே ஊர்ப் பள்ளியில் ஆசிரியரான லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளரை அங்கே நியமன ஆணையிலேயே 'ஹெருன்' என்று எழுதிவிட்டார்கள். அவர் திருத்தச் சொல்லவில்லை, அது அவருக்குப் பிடித்துப்போனது. அந்த ஒலி நாரையைக் குறிக்கும் 'ஹெரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் வருவதால் நாரையைத் தன் குடும்பச் சின்னமாகவும் வைத்துக்கொண்டார். 1896ல் குடியுரிமை பெற்றபோது மனைவியின் குடும்பப் பெயரான கொய்ஸுமியை எடுத்துக்கொண்டு, யகுமோ என்று தனக்குப் பெயரிட்டார். 'எட்டு மேகங்கள்' என்பது அதன் எழுத்துகளின் பொருள். மட்சுயே இருக்கும் இஸுமோ நாட்டை அடைமொழியிட்டுப் பாடும் மிகப் பழைய பாட்டில் வரும் சொல் அது. ஊர்க்காரர்களுக்கு அவர் இன்றும் 'ஹெருன் சான்'.

ஜப்பானிய இலக்கிய அறிஞர் டொனால்ட் கீன் 2012ல், 89 வயதில், குடியுரிமை பெற்றார். சட்டப்படி கதகானாவில்தான் பெயர். ஆனால் கூடவே ஒரு கான்ஜி வடிவமும் செய்து வைத்துக்கொண்டார். கினு என்ற ஆற்றின் பெயரையும், நீர்ச்சுழலுக்குப் பேர்போன நருதோ ஜலசந்தியின் பெயரையும் சேர்த்தார். எழுத்து எழுத்தாகப் பார்த்தால் பேய், கோபம், முழக்கம், வாசல். இவ்வளவு பயங்கரமான பெயரை அந்த மென்மையான மனிதர் சிரித்தபடி அறிவித்தார். பிரேசிலில் இருந்து வந்து 2001ல் குடியுரிமை பெற்ற கால்பந்து வீரர் சந்தோஸ் தன் பெயரை 'மூன்று தலைநகரங்களின் தலைவன்' என்று எழுதிக்கொண்டார்.

இந்தியப் பெயர் உள்ளவர்களுக்கு இதில் யாருக்கும் இல்லாத வாய்ப்பு ஒன்று இருக்கிறது. சமஸ்கிருத நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்த பிக்குகள் நம் பெயர்கள் பலவற்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்து தேடி வைத்துவிட்டார்கள், ஜப்பானியர் அவற்றை அப்படியே படிக்கிறார்கள். 401ல் சீனத் தலைநகர் சாங்கானுக்கு வந்து சேர்ந்த குமாரஜீவர் என்ற பிக்குவின் மொழிபெயர்ப்புகளை ஜப்பானியக் கோயில்களில் இன்றும் ஓதுகிறார்கள். அவர் பெயரின் முதல் மூன்று எழுத்து 'குமர' என்று ஒலிக்கும். ஒரு குமார் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனந்த் என்பவருக்குப் புத்தரின் சீடர் ஆனந்தரின் எழுத்து இருக்கிறது, ராகுலுக்கு ராகுலரின் எழுத்து. அசோக் என்றால் இரண்டு வழி: ஒலிக்காக எழுதிய வடிவம் ஒன்று, 'துயரமற்ற' என்று பொருளை எழுதிய வடிவம் ஒன்று. மணி என்றால் அங்கேயும் மணிதான், புத்தமத நூல்களில் வரும் ரத்தினம். மாயா என்ற பெயரில் கோபே நகருக்குப் பின்னால் ஒரு மலையே இருக்கிறது, புத்தரின் தாய் மாயாதேவிக்கு எடுத்த கோயிலால் வந்த பெயர். தர்மா என்றால் சொல்லவே வேண்டாம். 'தருமா' என்பது ஜப்பானில் வீட்டுக்கு வீடு இருக்கும் சிவப்பு உருண்டைப் பொம்மை, தென்னிந்தியாவில் இருந்து சீனா போனதாகச் சொல்லப்படும் போதிதர்மரின் உருவம். ஏதாவது வேண்டிக்கொண்டு ஒரு கண்ணுக்கு மை தீட்டுவார்கள், நிறைவேறினால் அடுத்த கண்.

சரஸ்வதி, லட்சுமி, இந்திரா என்று பெயர் உள்ளவர்கள் பொருளைச் சொல்ல வேறு எதுவும் தேட வேண்டாம். சரஸ்வதி அங்கே பென்ஸாய்தென், லட்சுமி கிச்சிஜோதென், இந்திரன் தாய்ஷாகுதென். பென்ஸாய்தென்னுக்கு ஏரிக்கரையிலும் தீவிலும் கோயில் இருக்கும், கையில் அவர்கள் ஊர் வீணை இருக்கும். 'அந்த தெய்வத்தின் இந்தியப் பெயர்தான் என் பெயர்' என்று சொன்னால் போதும், அதற்குப் பிறகு யாரும் மறக்க மாட்டார்கள்.

சுற்றுலாக் கடைகளில் பெயரைக் கேட்டு ஒரே நிமிடத்தில் கான்ஜி எழுதித் தருவார்கள். ஞாபகத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. பச்சை குத்தவோ விசிட்டிங் கார்டில் அச்சடிக்கவோ அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 'ஷி' ஒலிக்குச் சாவு என்ற எழுத்தும் உண்டு, 'கு' ஒலிக்குத் துன்பம் என்ற எழுத்தும் உண்டு. ஒலி சரியாக இருக்கிறது என்று யாராவது எடுத்துப் போட்டால், ரவுடி பைக் கும்பல்கள் மேல்சட்டையில் தைத்துக்கொண்ட பாணியில் உங்கள் பெயர் வந்து நிற்கும்.

ஏழாம் படி: அறிமுகத்தில் பயன்படுத்துங்கள்

பெயரை விளக்குவது ஜப்பானில் அன்றாட வழக்கம். ஒரே ஒலிக்குப் பல கான்ஜி இருப்பதால், போனில் பெயர் சொல்லும்போது தனகா என்பவர்கூட 'வயல் என்ற எழுத்து, நடு என்ற எழுத்து' என்று சொல்லுவார். உங்களிடமும் பெயரின் பொருளைக் கேட்பார்கள். அது ஊர், சாதி விசாரிக்கும் கேள்வி இல்லை, உண்மையான ஆர்வம். ஆகவே தமிழில் என்ன பொருள் என்று ஒரு வரியும், ஜப்பானியத்தில் எப்படிக் கேட்கிறது என்று ஒரு வரியும் தயாராக வைத்திருங்கள். 'கவின் தெஸு. கபின் தொ ஒபொஎதெ குதசாய்.' என் பெயர் கவின், பூச்சாடி என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் 'தமிழில் அழகு என்று பொருள்' என்று சேர்த்தால் பூச்சாடியும் அழகும் சேர்ந்து உட்கார்ந்துவிடும்.

ஒலியை வைத்துப் பொருள் சேர்ப்பதில் அவர்களுக்கு அலாதிப் பிரியம். கிட்கேட் சாக்லேட்டின் பெயர் 'கித்தோ கத்ஸு', அதாவது 'நிச்சயம் ஜெயிப்பாய்' என்பது போலக் கேட்பதால், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுப்பார்கள். 2க்கு 'நி', 9க்கு 'கு' என்பதால் மாதத்தின் 29ஆம் தேதியை 'நிகு', அதாவது இறைச்சி நாள் என்று கடைகள் தள்ளுபடி போடும். ஆகவே உங்கள் பெயரில் ஒரு குதிரையோ நண்டோ கிடைத்தால் அதை அவர்கள் அன்போடுதான் எடுத்துக்கொள்வார்கள். அதே சமயம் வேலை நேர்காணலிலும், வாடிக்கையாளரை முதன்முதலில் பார்க்கப் போகும்போதும் இது வேண்டாம். அங்கே பெயர், கம்பெனி, வணக்கம், அதோடு நிறுத்துங்கள். வகுப்பு, அலுவலக வரவேற்பு விருந்து, அக்கம்பக்கத்து வீடு, இவைதான் சரியான இடம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஆயா என்பது ஜப்பானில் அழகான பெண் பெயர். குனி என்பது நாடு என்று பொருள் தரும் எழுத்து, பெயர்களில் வரும். அது தமிழில் எப்படிக் கேட்கிறது என்று அவர்களாகக் கேட்டால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: அங்கே குழந்தை பிறந்தால்

ஜப்பானில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை 14 நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால் குழந்தையின் பெயரைக் கதகானாவில் எழுதி, ஆங்கில எழுத்தையும் சேர்த்துக் கொடுப்பீர்கள். 60 நாளுக்கு மேல் குழந்தை அங்கே தங்குவதானால், பிறந்த 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். இந்த அவசரத்துக்கு நடுவே ஜோசியருக்கும் தாத்தா பாட்டிக்கும் போன் போட்டுப் பெயர் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மாயா, மீனா, அமி, மரி போன்றவை இரண்டு ஊரிலும் அப்படியே பெயராக நிற்கும். உங்களுக்கு வேறு பெயர்தான் வேண்டுமென்றால் பிரசவத்துக்கு முன்பே மூன்றாம் படியை ஒருமுறை செய்து முடித்துவிடுங்கள். பள்ளியில் அந்தப் பெயரைத் தினமும் கேட்கப்போவது ஆறு வயதுப் பிள்ளைகள். ஹேமாவில் ஒரு கோடு விட்டுப்போனால் முதலில் கண்டுபிடிப்பது அவர்களாகத்தான் இருக்கும்.